கடற்பாசி: உணவிலும் மீன் தீவனத்திலும் எதற்காக, எவ்வளவு?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கடற்பாசியில் புரதம், தாது உப்பு, ஒமேகா-3 எல்லாம் கொட்டிக் கிடக்கிறது என்கிறார்கள். அப்படியானால் அதைத் தினமும் சாப்பிடலாமா? மீன், இறால் தீவனத்தில் மீன்தூளுக்குப் பதிலாகப் போடலாமா? ஆராய்ச்சிகள் உண்மையில் என்ன காட்டுகின்றன?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடற்பாசி அருமையான பொருள்தான், ஆனால் அதன் பலம் சிறிய அளவில் இருக்கிறது. தாது, நார்ச்சத்து, சுவை, நோய் எதிர்ப்பைத் தூண்டும் சில கூட்டுச் சர்க்கரைகள் ஆகியவற்றுக்காகக் கொஞ்சமாகச் சேர்த்தால் நல்ல பலன் தருகிறது. மீன்தூளையோ சோயாவையோ தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் மூட்டை மூட்டையாகக் கொட்டும் புரதமாக நினைத்தால், அநேகமாக ஏமாற்றம்தான். ஏன் என்று பார்ப்போம்.

பேச்சு பெரும்பாலும் தடம் மாறுவது பெயரிலேயே. கடற்பாசி ஒரே செடி இல்லை. பச்சை, சிவப்பு, பழுப்பு என்று மூன்று பெரிய குழுக்கள். பச்சைப் பாசிகள் நிலத்துத் தாவரங்களுக்கு நெருங்கிய உறவு. பழுப்புப் பாசிகளோ முற்றிலும் வேறு பரிணாமக் கிளையில் வந்தவை. ஆகவே "கடற்பாசியில் இத்தனை சதவீதம் புரதம்" என்ற வாக்கியத்துக்கு, எந்த இனம் என்று சொல்லாதவரை பொருளே கிடையாது. உலர் எடையில் பார்த்தால், ஜப்பானியர் சோற்றைச் சுற்றிச் சாப்பிடும் நோரித் தாள் தயாரிக்கும் சிவப்புப் பாசியில் புரதம் 30 சதவீதத்தைத் தாண்டும். உல்வா போன்ற பச்சைப் பாசியில் பெரும்பாலும் 10 முதல் 25 வரை. கோம்பு முதலான பெரிய பழுப்புப் பாசிகளில் பல நேரம் 10 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். அதே இனத்திலும் பருவம் மாறினால் எண் மாறும். குளிர்ந்த கடல்களில் வளரும் பழுப்புப் பாசியில் குளிர்கால இறுதியிலும் வசந்தத்திலும் புரதம் உச்சத்தில் இருக்கும். கோடை முடியும்போது அந்த இடத்தை மானிட்டாலும் லாமினாரின் என்ற சேமிப்புச் சர்க்கரையும் பிடித்துக்கொள்ளும். கடலில் பாசி வளர்க்கும் ஒரே கயிற்றிலிருந்து ஏப்ரலில் அறுத்ததும் ஆகஸ்டில் அறுத்ததும் தீவனக் கணக்கில் இரண்டு வேறு பொருள்கள்.

அந்த எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆய்வகத்தில் பெரும்பாலும் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். கடற்பாசியில் உள்ள நைட்ரஜன் முழுவதும் புரதத்தில் இல்லை; நைட்ரேட்டாகவும் வேறு சேர்மங்களாகவும் கணிசமாக இருக்கிறது. பல இனங்களின் தரவுகளைத் திரட்டி 2016ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 6.25 க்குப் பதில் 5 ஐப் பயன்படுத்த வேண்டும் என்று காட்டியது. அதாவது பழைய முறையில் 20 சதவீதம் என்று எழுதப்பட்ட புரதம் உண்மையில் 16 தான். ஐந்தில் ஒரு பங்கு காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது! பொருள் வாங்கும்போது தரும் ஆய்வறிக்கையில் எந்த எண்ணால் பெருக்கினார்கள் என்று கேளுங்கள்.

மீன்தூளோடு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல மீன்தூளில் 65 சதவீதம் அளவுக்குப் புரதம், அதாவது கிலோவுக்கு 650 கிராம். பழுப்புப் பாசி உலர்ந்த நிலையில் 10 சதவீதம் என்று வைத்தால், அதே 650 கிராமுக்கு 6.5 கிலோ உலர் தூள் வேண்டும். பச்சையாக அறுக்கும் பாசியில் 80 முதல் 90 சதவீதம் தண்ணீர். 90 என்று வைத்தால் சுமார் 65 கிலோவைக் கடலிலிருந்து தூக்கி, 58 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அந்த எரிபொருள் செலவை ஒதுக்கி வைத்தாலும், ஒரு கிலோ இடத்தில் ஆறரைக் கிலோவைத் தீவனச் சூத்திரத்துக்குள் எப்படி அடைப்பது? புரதத்தின் தரத்தில் குறை இல்லை. லைசின், மெத்தியோனின் விகிதம் பல இனங்களில் சோயாவோடு ஒப்பிடத்தக்கதாகவே இருக்கிறது. அடர்த்திதான் போதவில்லை. புரதத்தைப் பிரித்துச் செறிவாக்கும் முறைகளில் ஆராய்ச்சி இவ்வளவு குவிவதற்குக் காரணம் இதுவே.

ஒமேகா-3 பற்றியும் இதே மாதிரிதான். கடற்பாசிக் கொழுப்பில் இ.பி.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் நல்ல விகிதத்தில் இருப்பது உண்மை. ஆனால் மொத்தக் கொழுப்பே உலர் எடையில் 1 முதல் 5 சதவீதம். ஒரு வேளைக்குச் சில கிராம் சாப்பிடும் பொருளில் அது எவ்வளவு தேறும் என்று நீங்களே கணக்கிடலாம்.

சரி, மனிதர் சாப்பிடுவதில் உண்மையான லாபம் எங்கே? முதலில் நார்ச்சத்து. உலர் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கு மேல் வரை இருக்கும், அதுவும் நிலத்துக் காய்கறிகளில் இல்லாத வகை: ஆல்ஜினேட், அகர், காரஜீனன், உல்வான், ஃபுகோய்டான். நம் உடலில் இவற்றை உடைக்கும் நொதிகள் இல்லை. குடல் நுண்ணுயிர்களின் கையில்தான் எல்லாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு 2010ல் நேச்சர் இதழில் வந்தது. ஜப்பானியர்களின் குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் பிளெபியஸ் என்ற பாக்டீரியாவிடம், நோரிப் பாசியின் போர்பைரான் என்ற கூட்டுச் சர்க்கரையை உடைக்கும் மரபணுக்கள் இருந்தன. அவை கடல் பாக்டீரியாவிலிருந்து தாவி வந்தவை. ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர்களின் குடலில் அவை தென்படவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பாசியோடு உள்ளே போன கடல் நுண்ணுயிர்கள் தங்கள் கருவிகளைக் குடலிலேயே விட்டுப் போயிருக்கின்றன. ஒருவர் உடம்புக்குக் கிடைத்த பலன் இன்னொருவருக்கும் அப்படியே கிடைக்கும் என்று ஏன் எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது சுவை. 1908ல் ஜப்பானிய வேதியியலாளர் இகெடா கிகுனே கோம்புச் சாற்றிலிருந்துதான் குளுட்டமேட்டைப் பிரித்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். உப்பைக் குறைத்தும் சுவை குறையாத உணவு செய்ய முயல்பவர்கள் இன்றும் கடற்பாசித் தூளை நாடுவது இந்தக் குளுட்டமேட்டுக்காகவும் அதிலுள்ள பொட்டாசியத்துக்காகவும்தான்.

இனி அயோடின். இந்தப் பதிலில் வேறு எதைத் தாண்டிப் போனாலும் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. ஐரோப்பா வைத்திருக்கும் மேல்வரம்பு 600, அமெரிக்காவில் 1100, பாசி உண்டு பழகிய ஜப்பானில் 3000. கடற்பாசிகளில் அயோடின் எவ்வளவு மாறுபடுகிறது என்று 2004ல் வந்த ஓர் ஆய்வு அளந்து பார்த்தது. நோரியில் கிராமுக்கு 16 மைக்ரோகிராம். லாமினேரியா என்ற பழுப்புப் பாசியிலிருந்து செய்த குருணையில் கிராமுக்கு 8000 க்கும் மேல். ஐந்நூறு மடங்கு வித்தியாசம்! சுமார் 3 கிராம் எடையுள்ள ஒரு தாள் நோரியில் 50 மைக்ரோகிராமை ஒட்டிக் கிடைக்கும், பயமில்லை. கிராமுக்கு 4000 உள்ள கோம்புத் தூளை ஒரு கிராம் போட்டால், ஐரோப்பிய மேல்வரம்பைப் போல ஆறு மடங்குக்கு மேல் உள்ளே போய்விடும். அளவுக்கு மீறிய அயோடின் தைராய்டைச் சிலருக்கு மந்தமாக்கும், சிலருக்கு முடுக்கிவிடும். ஏற்கெனவே தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் பழுப்புப் பாசித் தூளையோ மாத்திரையையோ மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. இதை அழுத்தியே சொல்கிறேன். "இயற்கையானது" என்ற ஒரே சொல்லை நம்பி இதை விழுங்குபவர்கள் நிறைய.

நல்ல செய்தி என்னவென்றால், அயோடின் தண்ணீரில் சுலபமாக இறங்கிவிடும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2020ல் வெளியிட்ட சோதனையில், சர்க்கரைக் கெல்ப் என்ற பழுப்புப் பாசியை 80 டிகிரி வெந்நீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுத்தார்கள். உலர் எடையில் கிலோவுக்கு சுமார் 4600 மில்லிகிராமாக இருந்த அயோடின் 300 க்குக் கீழே வந்தது. பிரான்ஸ் உணவுக்கான பாசியில் அனுமதிக்கும் வரம்பு கிலோவுக்கு 2000 மில்லிகிராம். அதற்கு மிகவும் உள்ளேதான். தண்ணீரில் பொட்டாசியமும் கரையும் சர்க்கரைகளும் சேர்ந்தே போகும், அந்த இழப்பை ஏற்கத்தான் வேண்டும். வெந்நீரைக் கொட்டிவிடுவது முக்கியம். அதிலேயே சூப் வைத்தால் பாசியிலிருந்து இறங்கிய அயோடின் முழுவதும் கிண்ணத்தில் இருக்கும்.

ஆர்சனிக் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான கடற்பாசிகளில் ஆர்சனிக் இருக்கிறது, ஆனால் அதிகமும் ஆர்சனோசர்க்கரை என்ற கரிம வடிவில். நச்சுத்தன்மை மிகுந்த கனிம வடிவம் அதிகமாகத் தேங்கும் இனம் ஹிஜிகி. அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2004லேயே அறிவுறுத்தியது. ஆகவே அறிக்கையில் "மொத்த ஆர்சனிக்" என்ற எண் மட்டும் இருந்தால் அது பாதி விவரம்; கனிம ஆர்சனிக் எவ்வளவு என்று தனியே பார்க்க வேண்டும்.

சைவ உணவாளர்கள் அடிக்கடி கேட்பது வைட்டமின் பி12. நோரியில் பி12 இருப்பது உறுதி. உடலுக்குப் பயன்படுகிறதா என்பதில் சண்டை நீண்ட காலம் நடந்தது. 1991ல் வெளியான ஆய்வில், பாசிகளிலிருந்து பி12 பெற்ற குழந்தைகளின் ரத்தத்தில் அளவு ஏறியது, ஆனால் சிவப்பணுக்களின் நிலை தேறவில்லை. அண்மையில் சைவ உணவாளர்களுக்கு நோரி கொடுத்துச் செய்த சோதனையில் பி12 நிலை முன்னேறியது. என் கருத்து: நோரியை ஒரு துணையாக வைத்துக்கொள்ளலாம், மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்பக் கூடாது.

இப்போது தீவனத்துக்கு வருவோம். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பழுப்புப் பாசித் தூளை ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தூள் உப்பி, தண்ணீர் கொழகொழவென்று ஆகி, கரண்டியைத் தூக்கினால் நூலாக இழுக்கும். ஆல்ஜினேட்டின் வேலை அது. இறால் தீவனத்துக்கு இந்தக் குணம் வரம். இறால் மீனைப் போலச் சட்டென்று விழுங்காது. பெல்லட்டைக் கால்களால் பிடித்துக் கொறித்துக் கொறித்துத் தின்னும். அதுவரை பெல்லட் தண்ணீரில் கரையாமல் நிற்க வேண்டும், அதற்குப் பாசி நல்ல பிணைப்பான். ஆனால் அதே கொழகொழப்பு சால்மன் போன்ற ஊன் உண்ணும் மீனின் குடலில் நடந்தால் என்ன ஆகும்? செரிமான நொதிகள் உணவுக்குள் புகத் திணறும், சத்து உறிஞ்சப்படுவது குறையும். அந்த மீன்களிடம் ஆல்ஜினேட்டையோ உல்வானையோ உடைக்கும் நொதிகள் கிடையாது. போதாததற்கு, பாசியின் உலர் எடையில் 20 முதல் 40 சதவீதம் சாம்பல், அதாவது ஆற்றல் தராத உப்புகள். பழுப்புப் பாசியின் ஃபுளோரோடானின்கள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செரிமானத்தை இன்னும் கெடுக்கும். ஊன் உண்ணும் மீன்களில் 10 சதவீதத்தைத் தாண்டிச் சேர்க்கும்போது வளர்ச்சி அடிவாங்குவது ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

சிறிய அளவில் படம் மாறுகிறது. ஜப்பானில் 1990களில் சிவப்புக் கடல் பிரீம் மீனுக்கு உல்வா, நோரி, அஸ்கோஃபில்லம் என்ற பழுப்புப் பாசி ஆகியவற்றை 5 சதவீதம் சேர்த்துப் பார்த்ததில் வளர்ச்சியும் தீவனப் பயன்பாடும் மேம்பட்டன. இந்த அளவில் பாசி ஆற்றல் தரும் தீனியாக வேலை செய்வதில்லை. சிவப்புப் பாசியில் டாரின் என்ற சத்து இருக்கிறது. சோயா போன்ற தாவரப் புரதங்களில் அது கிடையாது, கடல் மீன்களுக்கோ தேவை. மீன்தூளைக் குறைத்துத் தாவரப் புரதத்தை ஏற்றும் தீவனங்களில் அந்த ஓட்டையை ஓரளவு அடைக்கலாம். கூடவே கிளைசின், அலனின், டி.எம்.எஸ்.பி. போன்ற கவர்ச்சிப் பொருள்கள் மீனைத் தீவனத்தின் பக்கம் இழுக்கின்றன.

இறாலில் ஆராய்ச்சி வேறு பக்கம் போகிறது: நோய் எதிர்ப்பு. சர்காசம் பாசியிலிருந்து பிரித்த ஃபுகோய்டானைப் புலி இறாலுக்குக் கொடுத்து, வெண்புள்ளி வைரஸ் தாக்கும்போது பிழைக்கும் விகிதம் கூடுவதை 2004ல் தாய்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். தைவானில் கிராசிலேரியா பாசியின் வெந்நீர்ச் சாறு வனாமி இறாலில் விப்ரியோ என்ற பாக்டீரியாவுக்கு எதிரான தாங்குதிறனைக் கூட்டியது. கிருமிதான் வந்துவிட்டது என்று நினைத்து இறாலின் ரத்த அணுக்கள் முன்கூட்டியே உஷாராகின்றன. இந்த ஆய்வுகளை மதிக்கிறேன், ஆனால் இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. இவற்றில் பல, பிரித்தெடுத்த சாற்றை வைத்து, தொட்டியில், சில நாள் அல்லது சில வாரக் கணக்கில் நடந்தவை. முழுப் பாசித் தூளைக் குளத்தில் போட்டால் அதே பலன் வரும் என்று அவை சொல்லவில்லை. அப்புறம், எப்போதும் உஷாராக இருக்கும் உடம்பு அதற்கு ஆற்றலைச் செலவழிக்கிறது. ஆகவே இத்தகைய தூண்டிகளை நோய் வரக்கூடிய காலத்தை ஒட்டி, விட்டு விட்டுக் கொடுப்பதே நல்லது.

பாசியையே முழு உணவாகத் தின்னும் உயிர்களின் கதை வேறு. அபலோன் என்ற கடல் நத்தை, கடல் முள்ளெலி, ஓரா மீன் ஆகியவை இயற்கையிலேயே பாசி மேய்பவை. தென்னாப்பிரிக்காவின் அபலோன் பண்ணைகளில் உல்வாவை நத்தைத் தொட்டியின் கழிவுநீரிலேயே வளர்க்கிறார்கள். நத்தை வெளியேற்றும் அம்மோனியாவைப் பாசி உறிஞ்சுகிறது, சுத்தமான தண்ணீர் ஒரு பகுதி திரும்பத் தொட்டிக்கு வருகிறது, பாசி நத்தைக்குத் தீனியாகிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. அம்மோனியா நிறைந்த நீரில் வளரும் உல்வாவின் புரதம், கடலில் தானாக வளர்ந்ததைவிட ஏறி 30 சதவீதத்தைத் தாண்டும். உலர்த்தும் செலவே இல்லை, ஈரமாக அள்ளி அப்படியே போடலாம். கடற்பாசியும் நீர்வாழ் உயிர் வளர்ப்பும் உண்மையிலேயே பொருந்தும் இடம் எது என்று கேட்டால், இதைத்தான் முதலில் காட்டுவேன். திறந்த கடலில் மீன் கூண்டுக்குப் பக்கத்தில் கயிறு கட்டிப் பாசி வளர்ப்பதிலும் அதே தத்துவம்தான், ஆனால் நீரோட்டம் கழிவைக் கலைத்துவிடுவதால் பாசி பிடிப்பது ஒரு பகுதி மட்டுமே.

தீவனத்திலும் அயோடின் விடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மீனுக்கான முழுத் தீவனத்தில் அயோடின் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கிலோவுக்கு 4000 மில்லிகிராம் உள்ள பழுப்புப் பாசியை வெறும் ஒரு சதவீதம் சேர்த்தாலே 40 வந்துவிடும். 5 சதவீதம், 10 சதவீதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வெந்நீரில் முக்கிய பாசியோ, அயோடின் குறைந்த சிவப்பு, பச்சைப் பாசிகளோதான் வழி. அதே குணத்தை நல்லதாகவும் திருப்பலாம். நன்னீர் மீன்களுக்கு அளவோடு பாசி கலந்த தீவனம் கொடுத்தால் அவற்றின் தசையில் அயோடின் ஏறுவது ட்ரவுட், சார் மீன்களில் தெரியவந்திருக்கிறது. பாசியை நேரடியாகச் சாப்பிடுவதைவிட, மீன் வழியாக மிதமான அளவில் வருவது பாதுகாப்பானது.

செரிமானத் தடையை உடைக்கப் பல வழிகள் முயலப்படுகின்றன: நொதி சேர்ப்பது, லாக்டிக் அமில பாக்டீரியாவால் நொதிக்க வைப்பது, சாறு பிழிந்து புரதத்தை மட்டும் பிரிப்பது. என்னை அதிகம் கவர்ந்தது பூச்சி வழி. நார்வே ஆய்வாளர்கள் கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்களுக்கு அஸ்கோஃபில்லம் பாசியைத் தீனியில் கலந்து கொடுத்து, 2017ல் முடிவை வெளியிட்டார்கள். நிலத்துத் தீனி தின்னும் புழுக்களில் இல்லாத இ.பி.ஏ.வும் அயோடினும் வைட்டமின் ஈயும் புழுவுக்குள் வந்துவிட்டன. ஆனால் தீனியில் பாசி பாதியைத் தாண்டியதும் வளர்ச்சி சரிந்தது. காட்மியமும் ஆர்சனிக்கும்கூடப் புழுவில் ஏறின. நல்லதும் கெட்டதும் ஒரே வண்டியில்தான் வருகின்றன.

விநியோகம் போதுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் 2022ல் வளர்க்கப்பட்ட பாசி 36.5 மில்லியன் டன், ஈர எடையில், பெரும்பகுதி ஆசியாவில். இந்தத் தொழில் இவ்வளவு பெருகியதில் அடிப்படை ஆராய்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. நோரிப் பாசியின் விதை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஜப்பானிய வளர்ப்பாளர்கள் இயற்கையை நம்பியே இருந்தார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த பாசி ஆய்வாளர் கேத்லீன் ட்ரூ-பேக்கர், சிப்பி ஓட்டுக்குள் துளைத்து வாழும் ஒரு நுண்ணிய பாசி நோரி இனத்தின் இன்னொரு வாழ்க்கைப் பருவமே என்று 1949ல் காட்டினார். அதன் பிறகு சிப்பி ஓட்டில் விதையை உருவாக்கி வலையில் ஏற்ற முடிந்தது. ஜப்பானுக்குப் போகாமலே மறைந்த அவருக்கு, அங்கே வளர்ப்பாளர்கள் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, உங்கள் பண்ணையில் முயல நினைத்தால் என் யோசனை இது. 2 முதல் 5 சதவீதத்தில் தொடங்குங்கள். வாங்கும் தொகுதிக்கு இனத்தின் பெயர், அறுவடை மாதம், அயோடின், கனிம ஆர்சனிக், காட்மியம், சாம்பல் ஆகியவை எழுத்தில் வேண்டும். ஒப்பிடும் தீவனத்தில் புரதமும் ஆற்றலும் சமமாக இருக்கட்டும். பல ஆய்வுகள் கோட்டை விடுவது இங்கேதான், பாசியால் வந்த மாற்றமா, புரதம் குறைந்ததால் வந்ததா என்று தெரியாமல் போகும். ஒரே ஒரு குளத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள், ஒவ்வொரு தீவனத்துக்கும் குறைந்தது மூன்று தொட்டிகள் வேண்டும். எடையோடு தீவன மாற்று விகிதத்தையும் (ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் என்பது) மீன் கழிக்கும் எச்சத்தின் தன்மையையும் குறித்து வையுங்கள். எச்சம் இளகி நூலாக நீண்டால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம், எடை குறையும்வரை காத்திருக்காமல் உடனே ஒரு சதவீதம் இறக்குங்கள்.